கடிகாரச் சிப்பைப் படிக்க எந்த வழி சிறந்தது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை ஆலை ஒன்றின் எடைமேடைச் சீட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. பழக்குலைகளோடு லோரி உள்ளே வந்த நேரம் 12:41 என்றும், குலைகளை இறக்கிவிட்டு வெறும் லோரியாக எடை போட்ட நேரம் 12:00 என்றும் அதில் அச்சாகியிருக்கிறது. கிராணி (எழுத்தர்) அதைக் கணக்கில் ஏற்றவில்லை; லோரி ஓட்டுநர் மாலை வரை காத்திருந்தார். எடைமேடைக் கருவிக்கு நேரம் சொல்லும் கடிகாரச் சிப் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் படித்த ‘டிரைவர்’ என்ற மென்பொருளில்தான் பிழை.

அந்த டிரைவர் மணி, நிமிடம், வினாடி ஆகிய மூன்றையும் தனித்தனியே கேட்டது. 12:59:59க்கு மணியைக் கேட்டு 12 என்று வாங்கிக்கொண்டது. அடுத்து நிமிடத்தைக் கேட்பதற்குள் சிப் 13:00:00க்கு நகர்ந்துவிட்டதால், நிமிடமும் வினாடியும் பூஜ்யமாக வந்தன. இந்தப் பிழையைத் தவிர்க்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது, சிப் தன் எண்களைப் புதுப்பிக்கும் வேளையில் படிக்காமல் ஒதுங்கியிருப்பது. 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியின் எம்சி146818 சிப்பிலிருந்து தொடரும் முறை இது. சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடங்களான ரெஜிஸ்டர்களில் ‘ஏ’ என்பதன் உச்ச பிட்டான யூஐபி, புதுப்பிப்பு நடப்பதைக் காட்டும் அடையாளம்; அது பூஜ்யமாக இருந்தால், அடுத்த 244 மைக்ரோவினாடிகளுக்குப் புதுப்பிப்பு தொடங்காது என்பது சிப் தரும் உறுதி. போர்ட் வழியாகப் படிப்பதற்கு அந்த இடைவெளி போதும். ஆனால் பிட்டைப் பார்த்த பிறகு வேறொரு வேலை குறுக்கே புகுந்து ப்ராசஸரைப் பிடித்துக்கொண்டால், அந்த உறுதிக்குப் பொருள் இல்லாமல் போகிறது. இதனால்தான் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான இன்றைய கெர்னல் யூஐபியை மட்டும் நம்பாமல், படிப்பதற்கு முன்னும் பின்னும் வினாடியை ஒப்பிட்டுப் பார்க்கிறது.

அந்த ஒப்பீட்டையே முழு முறையாக்கினால் இரண்டாவது வழி கிடைக்கிறது: வினாடியைப் படித்து, மற்றவற்றைப் படித்து, மறுபடியும் வினாடியைப் படிக்க வேண்டும், மாறியிருந்தால் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும். இதற்குச் சிப்பின் தயவு எதுவும் தேவையில்லை. மறுமுயற்சிகளுக்கு ஒரு வரம்பு வைப்பது மட்டும் அவசியம். இல்லையென்றால் பழுதான சிப் டிரைவரை முடிவில்லாமல் சுற்ற வைத்துவிடும்.

மூன்றாவது வழி, ஐ-டூ-சி என்ற இரு கம்பி இணைப்பில் (பஸ்ஸில்) பேசும் சிப்புகளுக்கு உரிய ஒரே மூச்சு வாசிப்பு. டிஎஸ்1307, டிஎஸ்3231 ஆகிய கடிகாரச் சிப்புகளில், பஸ்ஸில் தொடக்கச் சைகை விழும் கணத்திலேயே நேரம் முழுவதும் தனி இடத்துக்குப் பிரதியெடுக்கப்படுகிறது. அதன் பிறகு ஏழு பைட்டுகளையும் நிதானமாக வாங்கிக்கொள்ளலாம். 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் முகவரிகளையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு மில்லிவினாடிதான் ஆகும். எங்கள் எடைமேடையில் இருந்ததும் டிஎஸ்3231தான் என்பதை நினைத்தால் மனம் வருந்துகிறது. பிழையைத் தடுக்கும் வசதி சிப்பிலேயே இருந்தும், ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் புதிய தொடக்கச் சைகை அனுப்பி, ஒவ்வொரு முறையும் புதுப் பிரதி எடுக்க வைத்தது அந்த டிரைவர்.

ஒரே மூச்சு வாசிப்பே இவற்றில் சிறந்தது என்பது என் கருத்து. ஆனால் ஐ-டூ-சி பஸ்ஸில், வந்த எண்கள் கெடாமல் வந்தனவா என்று சோதிக்க உதவும் செக்சம் கிடையாது. பெரிய மோட்டார்கள் ஓடும் ஆலையில், நீளமான கம்பியில் ஒரு பிட் புரண்டு 14 மணி 15 ஆனால், அது செல்லுபடியாகும் நேரமாகவே தெரியும். அத்தகைய இடத்தில் ஒரே மூச்சு வாசிப்பை இரண்டு முறை செய்து, முழு விடைகளையும் ஒப்பிடுவது வீண்வேலை ஆகாது.

எண்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் மட்டும் போதாது. அவற்றை நம்பலாமா என்பதையும் சிப்பிடமே கேட்க வேண்டும். மாலை இடிமழையில் மின்சாரம் போய், பேட்டரியும் தீர்ந்திருந்தால், மீண்டும் எழும் கடிகாரம் தவறான நேரத்தை ஒழுங்காகவே சொல்லும். பிசிஎஃப்8563 என்ற மற்றொரு கடிகாரச் சிப்பில் இதை எச்சரிக்கும் விஎல் பிட் வினாடி பைட்டுக்குள்ளேயே இருக்கிறது. நேரத்தைப் படிக்கும்போதே எச்சரிக்கையும் வந்துவிடுவதால், இந்த ஓர் அம்சத்தில் அந்தச் சிப் எனக்குப் பிடிக்கும். டிஎஸ்3231இல் கடிகாரம் நின்றுபோனதை எச்சரிக்கும் ஓஎஸ்எஃப் பிட் தனி ரெஜிஸ்டரில் உள்ளது. மென்பொருள் அழிக்கும் வரை அது அப்படியே நிற்கும் என்பதால், முதலில் நேரத்தையும் பிறகு அந்தப் பிட்டையும் படித்தால், இடையில் கடிகாரம் நின்றிருந்தாலும் தப்பாது. வரிசையை மாற்றினால் அந்தச் சிறு இடைவெளி கண்ணில் படாமல் போய்விடும்.

எங்கள் டிரைவரை அவ்வாறே மாற்றி எழுதினேன். ஓஎஸ்எஃப் எழுந்திருந்தால் அது நேரத்தைத் தராமல் பிழையைத் திருப்பி அனுப்புகிறது. சீட்டில் நேரத்துக்கான கட்டம் வெறுமையாக அச்சாகிறது. கிராணி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து அதைப் பேனாவால் நிரப்பிக் கையெழுத்திடுகிறார்.