கேப் டவுனா, மாரிட்ஸ்பர்க்கா: சின்னப் பிள்ளையோடு எந்தப் பழைய நகரத்துக்குப் போகலாம்?

நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறோம். ஜூலைப் பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டில் இரண்டு ஊர்களின் பெயர் அடிபட்டது: கேப் டவுன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் (சுருக்கமாக மாரிட்ஸ்பர்க்). மகளுக்கு ஆறு வயது. ஆயாவும் (அவளுடைய பாட்டி) கூட வருவதாக ஏற்பாடு. பழைய கட்டடங்களும் வரலாறும் உள்ள ஊராக இருக்க வேண்டும், பிள்ளையும் சலித்துப்போகக் கூடாது. மாரிட்ஸ்பர்க் போனோம். சின்னப் பிள்ளைகளோடு டர்பனிலிருந்து கிளம்பும் எந்தக் குடும்பத்துக்கும் அதையே சொல்வேன்.

அழகில் கேப் டவுனுக்கு ஈடு கிடையாது. 1666இல் கட்டத் தொடங்கிய ஐங்கோணக் கோட்டை, அணில்கள் ஓடித் திரியும் கம்பெனி தோட்டம், போ-காப்பின் வண்ண வீடுகள், மேசை மலை என்று ஒரு வாரத்துக்குக் காணும். செலவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விமான டிக்கெட், வாடகைக் கார், விடுதி எல்லாம் சேர்ந்துவிடும். மாரிட்ஸ்பர்க்கோ டர்பனிலிருந்து என்-3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர்.

ஆனால் எங்கள் முடிவுக்குக் காரணம் பணம் அல்ல. போட்ட திட்டம் குலைந்தால் கையில் என்ன மிஞ்சும் என்பதையே திரும்பத் திரும்ப யோசித்தோம். கேப் டவுனில் பிள்ளைகள் ஆசைப்படும் இரண்டுமே காற்றையும் கடலையும் நம்பியவை. காற்று பலத்தால் மேசை மலையின் கேபிள் கார் நின்றுவிடும்; கடல் கொந்தளித்தால், மண்டேலாவைச் சிறைவைத்திருந்த ராபன் தீவுக்குப் படகு கிளம்பாது. கோடையில் அங்கே தென்கிழக்குக் காற்று. நமக்கு விடுமுறை வரும் ஜூன், ஜூலையிலோ அங்கே மழைக்காலம். அதே மாதங்களில் நம் பக்கம் மழையின்றி இளவெயில் அடிக்கும். படகு கிளம்பினாலும் போய்வர மூன்றரை மணி நேரம் ஆகும். நடுவில் பிள்ளை அழுதால் இறங்க வழியில்லை. பணம் கட்டிவிட்டோமே என்று சோர்ந்த பிள்ளையை இழுத்துக்கொண்டு அலைய நேரும். மாரிட்ஸ்பர்க்கில் எதையும் பாதியில் விட்டுவிடலாம், அடுத்த மாதம் வந்து மீதியைப் பார்க்கலாம். காய்ச்சல் கண்டால் ஒரு மணி நேரத்தில் சொந்தக் கட்டிலில் படுக்கவைக்கலாம். முட்டிவலி உள்ள ஆயாவுக்கும் இதுதான் தோது.

அதற்காக அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று எண்ணிவிட வேண்டாம். 1893 ஜூன் 7 இரவு, முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும் காந்தியை வண்டியிலிருந்து தள்ளிவிட்ட ரயில் நிலையம் அங்கேதான் இருக்கிறது. “டிக்கெட்தான் இருந்ததே, பிறகு ஏன்?” என்று மகள் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் ஆயா சொல்லத் தொடங்கிவிட்டார். டர்பன் கடற்கரையில் எந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது, எந்தப் பெஞ்சில் உட்காரக் கூடாது என்று நிறவெறி ஆட்சி நடந்த தம் காலத்துக் கதையையும் சேர்த்தே சொன்னார். எந்த அருங்காட்சியகமும் அப்படி விளக்கியிருக்காது. 1898இல் எரிந்து, 1901இல் மீண்டும் எழுந்த செங்கல் நகர மண்டபத்தை நடந்தே பார்த்துவிடலாம். ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று தீமிதி நடக்கும் சிவசுப்பிரமணியர், மாரியம்மன் கோயிலும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஓடி விளையாட 1874இல் அமைத்த தாவரவியல் பூங்கா இருக்கிறது.

மகளுக்கு மிகவும் பிடித்தது மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி ஹோவிக் என்ற ஊர் அருகே, 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலாவைப் பிடித்த இடம். 2012இல் அங்கே 50 எஃகுத் தூண்களை நட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நின்றால் வெறும் கம்பங்கள். 35 மீட்டர் தள்ளி, சரியான இடத்தில் நின்றால் மண்டேலாவின் முகம் தெரியும். முகம் எங்கே சேர்கிறது, எங்கே கலைகிறது என்று முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

குறைகளும் உண்டு. என்-3இல் துறைமுக லாரிகளின் நெரிசலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நகரின் நடுப்பகுதி பல இடங்களில் பராமரிப்பின்றிக் கிடக்கிறது. அதைக் காலையிலேயே பார்த்து முடிப்பது நல்லது. காருக்குள் கண்ணில் படும்படி எதையும் வைக்க வேண்டாம்.

கேப் டவுனுக்கு நான் போனது மகள் பிறப்பதற்கு முன்பு. அங்கே சிறு பிள்ளையோடு அலைவது பற்றி நான் சொன்னதில் உறவினர்கள் சொல்லக் கேட்டதே அதிகம். பத்து வயதுப் பிள்ளை என்றால் என் தீர்ப்பு மாறும். 1679இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கட்டிய அடிமைகள் விடுதி இன்று அருங்காட்சியகம். 1860இல் நம் முன்னோர் கரும்புத் தோட்டங்களுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளாகக் கேப்புக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் இருந்தார்கள். அதைப் புரிந்துகொள்ளப் பிள்ளைக்குக் கொஞ்சம் வயதாக வேண்டும். அப்போது போனால் கம்பெனி தோட்டத்துக்கு அருகிலேயே தங்குங்கள். அடிமைகள் விடுதி அருங்காட்சியகமும் பழைய தேவாலயமும் நடக்கும் தூரத்தில் இருக்கும். மலையைக் கடைசி நாளுக்கு வைக்காமல், காற்று அடங்கிய முதல் காலையிலேயே ஏறிவிடுங்கள்.