ஸாதர் செல்ல மலையடிச் சாலையா, பாக் தீவா?

குரோஷியாவின் அட்ரியாட்டிக் கரையில், கூடாரம் ஏற்றிய மிதிவண்டியோடு சென் நகரிலிருந்து தெற்கே ஸாதருக்குச் செல்பவர், பிரிஸ்னாவில் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும்: கரையோரச் சாலையிலேயே தொடர்வதா, படகேறிப் பாக் தீவின் வழியாகச் செல்வதா?

கரையோரச் சாலை, வெலெபித் மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து ஏறி இறங்குகிறது. பாக்லெனிட்சா தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்கையும் வழியில் பார்த்துவிடலாம் என்பது பெரிய கவர்ச்சிதான். ஆனால், கோடை விடுமுறையில் கார்கள் உரசுவது போல் கடக்கும், நிழல் அரிது.

தீவு வழிக்குத் துறைவரை செங்குத்தாக இறங்கி, சிறிது நேரப் படகுப் பயணத்துக்குப் பின் மீண்டும் ஏற வேண்டும். அந்த ஏற்றம் வீண்போகாது. மலையிலிருந்து கடல்மேல் பாயும் 'பூரா' என்னும் குளிர்காற்று அள்ளிவரும் உப்பால், தீவின் கிழக்குப் பக்கம் வெறும் வெண்பாறையாகக் கிடக்கிறது. கற்சுவர்களுக்கிடையே உப்புப் படிந்த மூலிகைகளைச் செம்மறிகள் மேய்வதால்தான் பாக் பாலாடைக்கட்டிக்கு அந்தத் தனிச்சுவை. தீவின் தென்முனையில், 1968இல் திறக்கப்பட்ட பாலம் பெருநிலத்தோடு சேர்க்கிறது.

குரோஷியாவில் கண்ட இடத்தில் கூடாரம் அடிப்பது சட்டவிரோதம் என்பதால், இரு வழியிலும் முகாம் திடல்களிலேயே தங்க வேண்டும். நிலம் கல்லாக இருப்பதால், எஃகு முளைகள் தேவை.

என் தேர்வு பாக் தீவே. எனினும், பூரா எச்சரிக்கை இருந்தால் எந்த வழியும் வேண்டாம்; காற்று தணியும்வரை சென் நகரிலேயே தங்கிவிடுங்கள்.