வாசித்துக் காட்டுவதா, பேசிக்கொண்டே வாசிப்பதா?

குழந்தையை மடியில் வைத்து, கதையை நிறுத்தாமல் கடைசிவரை வாசிப்பது ஒரு வழி. பக்கத்துக்குப் பக்கம் நின்று, "பாப்பா ஏன் அழுறா?" என்று கேட்டு, குழந்தை சொன்னதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்வது இன்னொன்று.

1988இல் உளவியல் ஆய்வாளர் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் அமெரிக்காவில் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். இரு தரப்புப் பெற்றோரும் வாசித்தார்கள், மாறியது முறைதான்: ஒரு தரப்பு வழக்கம்போல் வாசித்தது, இன்னொன்று குழந்தையைப் பேச வைத்து வாசித்தது. ஒரே மாதத்தில், பேச வைக்கப்பட்ட குழந்தைகள் பேச்சுத்திறனில் முந்தினார்கள். ஒன்பது மாதம் கழித்தும் வித்தியாசம் முழுக்க மறையவில்லை. "நாய்" என்று குழந்தை சொன்னதும் "ஆமா, பெரிய கறுப்பு நாய் ஓடுது" என்று சேர்க்கிறோமே, அந்தச் சேர்ப்புக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

நிறுத்தாத வாசிப்பையும் விட்டுவிடக் கூடாது. அன்றாடப் பேச்சில் வராத சொற்களும் நீண்ட வாக்கியங்களும் அதில்தான் காதில் விழுகின்றன. தூங்கும் நேரத்துக்கு அதுவே நல்லது.

ஆனாலும் இரண்டு, மூன்று வயதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், பேசிக்கொண்டே வாசிப்பதையே சொல்வேன். கேட்டதும் பதிலுக்குக் காத்திருங்கள். கேள்வி பரீட்சைபோல் ஆகிக் குழந்தை முகத்தைத் திருப்பினால், கேட்பதை விட்டுக் கதையைத் தொடருங்கள்.