சபை நூலகம்: நோட்டா, அட்டையா, கோஹாவா?

திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரே போதகரின் பொறுப்பில் வரும் சபைகளின் தொகுப்பில், பூட்டியே கிடந்த நூலகத்தைத் திரும்பத் திறந்தபோது, என்ன புத்தகம் வாங்கலாம் என்பதைவிட, யார் எதை எடுத்துப் போனார்கள் என்று எப்படிக் குறித்து வைப்பது என்பதில்தான் கமிட்டிக்கு நிறைய நேரம் போனது. நீள நோட்டு, பழைய நூலகங்களில் இருந்த புத்தக அட்டை, கம்ப்யூட்டரில் கோஹா என்ற நூலக மென்பொருள் என்று மூன்று யோசனைகள் வந்தன. முடிவில் அட்டையை எடுத்தோம். நான் அட்டைக் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதையும் குறிக்கவே வேண்டாம், விசுவாசிகள்தானே, திறந்த அலமாரியாக விடுங்கள் என்றும் ஒரு குரல் வந்தது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் கதைப் புத்தகங்களுக்கும் பழைய மாத இதழ்களுக்கும் அது போதும். வேத வியாக்கியானத் தொகுதிகளுக்கு ஆகாது. ஐந்தில் நான்காம் பாகம் மட்டும் போய்விட்டால் மற்ற நான்கும் அலமாரியில் சும்மா நிற்கும்.

நோட்டின் நல்லது எல்லோருக்கும் தெரியும்: விலை குறைவு, யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கெட்டது, அதில் எல்லாம் தேதி வரிசையில் இருக்கும். கிருஷ்ணபிள்ளையின் கிறிஸ்தவக் காவியமான இரட்சணிய யாத்திரிகம் யாரிடம் இருக்கிறது என்று உபதேசியார் (சபை ஊழியர்) கேட்டால் பின்னாலிருந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். திருப்பித் தந்த வரியை யாராவது அடிக்க மறந்திருந்தால், புத்தகம் அலமாரியில் இருக்கும்போதே அவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவோம். அதில் வரும் மனஸ்தாபம் அடுத்த அசனம் (சபை விருந்து) வரைக்கும் போகும்.

அட்டை முறை அமெரிக்காவின் நியூவார்க் பொது நூலகத்தில் 1900 வாக்கில் உருவானது, அந்த ஊர்ப் பெயரிலேயே நூலகக்காரர்கள் அதைச் சொல்வார்கள். புத்தகத்தின் பின் அட்டை உட்புறம் ஒரு காகிதப் பை, அதற்குள் அந்தப் புத்தகத்தின் பெயரும் எண்ணும் எழுதிய ஒரு அட்டை. எடுத்துப் போகிறவரின் பெயரையும் திருப்பித் தரவேண்டிய தேதியையும் அதில் எழுதி, அட்டையை உருவி மேசைப் பெட்டியில் தேதி வாரியாக வைத்துவிட வேண்டும். அதே தேதியைப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் குறிக்க வேண்டும். புத்தகம் வந்ததும் அட்டை பழையபடி பைக்குள் போய்விடும். பெட்டியில் அட்டை இருந்தால் புத்தகம் வெளியே, இல்லையென்றால் உள்ளே, அவ்வளவுதான். தவணை கடந்தவை பெட்டியின் முன்வரிசையில் தாமாகவே வந்து நிற்கும். ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும் முன் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

கோஹா மோசமான மென்பொருள் என்று சொல்ல மாட்டேன். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற இடத்து நூலகங்களுக்காக 1999-இல் எழுதத் தொடங்கி, 2000-இல் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட திறமூல மென்பொருள், பெரிய பல்கலைக்கழகங்களே பயன்படுத்துகின்றன. தேடல், நினைவூட்டல் மின்னஞ்சல், பார்கோடு எல்லாம் உண்டு. ஆனால் அது லினக்ஸ் சர்வரில் ஓடும், ஒவ்வொரு புத்தகத்துக்கும் மார்க் (MARC) பதிவு, அதாவது நூலகங்களுக்கான பொது வடிவத்தில் புத்தக விவரம், வேண்டும். ஆங்கிலப் புத்தகமென்றால் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொடுத்து வேறு நூலகத்தின் பதிவை இழுத்துக்கொள்ளலாம். நம் ஊர்க் கிறிஸ்தவப் புத்தகங்களில் பலவும் சிறு அச்சகத்தில் அடித்தவை, அந்த எண்ணே இருக்காது. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து தட்டச்ச வேண்டியதுதான்.

இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். என் முடிவைத் தீர்மானித்தது வேறு: பொறுப்பு கைமாறும்போது என்ன ஆகும்? சபை நூலகத்துக்குச் சம்பள ஆள் கிடையாது. ஐயர் (எங்கள் பக்கத்தில் போதகரை அப்படித்தான் சொல்வோம்) சில வருடத்தில் மாற்றலாகிப் போவார், கமிட்டி மாறும், வாலிபர் சங்கத்தில் ஆர்வமாகப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு பெங்களூரில் வேலை கிடைக்கும், கிடைக்கத்தான் வேண்டும். அவன் போனபிறகு கடவுச்சொல் யாரிடம்? பேக்கப் எந்த டிஸ்க்கில்? வெஸ்ட்ரியில் (கோவிலை ஒட்டிய அறையில்) இருக்கும் கம்ப்யூட்டர் இடி மின்னலில் போனால் யார் மறுபடி நிறுவுவது? பக்கத்து ஊர்ச் சபையில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன்: அருமையாக ஏற்றி வைத்தார்கள், ஏற்றியவர் மாறிப்போனார், அதன்பின் அந்தக் கம்ப்யூட்டரில் ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டு வரிகளைத் திரையில் போடுவது மட்டும்தான் நடக்கிறது, எந்தப் புத்தகம் எந்த வீட்டில் என்பது உள்ளேயே மாட்டிக்கொண்டது. அட்டைப் பெட்டியில் அப்படி எதுவும் மாட்டாது. புதிதாக வருகிறவர் பெட்டியைத் திறந்து பார்த்தாலே பாதி புரிந்துவிடும், மீதியைப் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர் டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார். மின்சாரம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் நூலகம் நடக்கும்.

அதற்காகக் கணினியே வேண்டாம் என்று இல்லை. புத்தகப் பட்டியல் மட்டும் கூகுள் ஷீட்டில் இருக்கிறது, சபை வாட்ஸ்அப் குழுவில் இணைப்பு போட்டிருக்கிறோம், வீட்டிலிருந்தே பார்த்துவிட்டு வரலாம். ஷீட் தொலைந்தாலும் அலமாரியைப் பார்த்து மறுபடி எழுதிவிடலாம், கடன் கணக்கைத்தான் அப்படி எழுத முடியாது. வகைப்பாட்டுக்கு, நூலகங்களில் புத்தகங்களைப் பாடவாரியாகப் பிரிக்கும் டூயி எண் போடலாமா என்று கொஞ்ச நாள் விவாதித்தோம். அதில் மதத்துக்கான 200 வரிசையில் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கே ஒதுக்கியிருப்பதால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இரட்சணிய யாத்திரிகத்தை 894.811 என்று தமிழ் இலக்கியத்தில் வைப்பதா, பக்தி நூல்களோடு வைப்பதா என்று ஒரு மாலை முழுக்கப் பேசியதும் போதுமென்றாகி, முதுகில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டிவிட்டோம்.

எங்களிடம் இருப்பது ஆயிரத்துக்கும் குறைவான புத்தகம், திறப்பதும் ஞாயிறு மட்டும். சென்னை மாதிரி நகரத்தில் பல ஆராதனை நடக்கும் பெரிய சபைக்கு இது தாங்குமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே சம்பளத்துக்கு ஆள் இருந்தால் நான் சொன்ன கைமாறும் பிரச்சினை பாதி போய்விடும், கோஹா பக்கம் சாய்வதில் நியாயம் உண்டு.

சேகரத்தின் கிளைச் சபைகளுக்கும் புத்தகம் அனுப்ப வேண்டும் என்ற பேச்சு இப்போது வந்திருக்கிறது. அட்டைக்கு அங்கேதான் சிக்கல், இங்கிருக்கும் பெட்டியை அடுத்த ஊரிலிருந்து பார்க்க முடியாதே. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகமும் அதற்கென்று தனி அட்டைப் பெட்டியும் கொடுத்து, வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்ததும் மே மாதத்தில் பெட்டிகளை ஊர் மாற்றிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். கமிட்டி இன்னும் முடிவெடுக்கவில்லை.