'அபார்ட்' (abort) என்ற சொல்லில் சறுக்கிய அகராதி

பாளையங்கோட்டையில் 650 ரூபாய்க்கு வாங்கிய ஆங்கிலம்-தமிழ் அகராதி இது. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி தெரியும், அதனால் ராக்கெட் பேச்சுக்குக் குறைவே இல்லை. 2023 அக்டோபர் 21இல் மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்காகப் பறந்த டிவி-டி1 சோதனையைப் பற்றிப் படித்துவிட்டு மகள் கேட்டாள்: "அபார்ட்னா கருக்கலைப்புன்னு போட்டிருக்கு, ராக்கெட்டுக்கு எப்படிப்பா?"

அகராதியில் அந்த ஒரு பொருள்தான். அந்தச் சோதனையிலோ, பறக்கும்போது ஆபத்து வந்தால் பயணத்தைப் பாதியில் விட்டு ஆட்கள் செல்லவிருக்கும் கலத்தை மட்டும் பிரித்து, பாராசூட்டில் கடலில் இறக்க முடியுமா என்று பார்த்தார்கள். உயிர் காக்கும் வேலைக்கு இந்த அகராதியில் சொல்லே இல்லை என்பது பெரிய குறை.

ஆனால் சொல்லின் வேர் சொல்லும் பகுதி அருமை. லத்தீனில் 'ஒரிரி' என்றால் எழுவது, பிறப்பது. முன்னால் 'அப்' சேர்ந்தால் எழாமலே போவது. சூரியன் எழும் திசையான 'ஓரியண்ட்', தொடக்கமான 'ஒரிஜின்' எல்லாம் அதே வேர்தானாம், படித்ததும் எனக்குச் சிலிர்த்தது. அப்புறம் மாட்டுக்குக் கரு கலைந்தால் நம்ம ஊரில் "மாடு கன்னு வீசிட்டு" என்பார்களே, அந்தக் 'கன்று வீச்சு' எவ்வளவு நல்ல சொல், அதையும் சேர்த்திருக்கலாம்.

அச்சு தெளிவு, தாள்தான் மெலிசு. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கலாம், அறிவியல் படிப்பவர்கள் கூடவே ஒரு கலைச்சொல் அகராதியும் வைத்துக்கொள்ளுங்கள்.