பெரிய பேட்டரியா, வேகமான சார்ஜிங்கா? நெக்ஸான் இ.வி 45, கிரெட்டா எலெக்ட்ரிக்: ஓர் ஒப்பீட்டு அலசல்

2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் இ.வி என்ற மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தபோது அதன் பேட்டரி 30.2 கிலோவாட் மணி, சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) 312 கிலோமீட்டர். அந்த வண்டியை வாங்கியவர்களில் பலர் அதை ஊருக்குள் ஓட்டுவதற்கென்றே வைத்துக்கொண்டு, வெளியூர்ப் பயணத்துக்கு வேறு வண்டியை நம்பியிருந்தார்கள். 2024 செப்டம்பரில் வந்த நெக்ஸான் இ.வி 45, 2025 ஜனவரியில் வந்த ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் ஆகிய இரண்டும் வீட்டின் ஒரே காராக இருக்கத் தகுதி உண்டா என்ற கேள்வியோடு மதிப்பிடப்பட வேண்டியவை. கிரெட்டா எலெக்ட்ரிக் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் தயாராகும் வண்டி என்பதால் தமிழ்நாட்டில் அதன்மீது கூடுதல் ஆர்வம் இருப்பது இயல்பே. ஆனால் ஆர்வத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ரேஞ்ச், சார்ஜிங், அன்றாடப் பயன்பாடு ஆகியவற்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் எண்கள். நெக்ஸானின் பேட்டரி 45 கிலோவாட் மணி. சான்றிதழில் 489 கிலோமீட்டர். கிரெட்டா இரண்டு பேட்டரிகளில் வந்தது: 42 கிலோவாட் மணிக்கு 390 கிலோமீட்டர், 51.4 கிலோவாட் மணிக்கு 473 கிலோமீட்டர் என்பவை அறிமுகத்தின்போது அறிவிக்கப்பட்ட அளவுகள். கிலோவாட் மணி என்பது மின்கட்டண அட்டையில் யூனிட் என்று குறிக்கப்படும் அதே அளவுதான் என்பதால், இனி யூனிட் என்றே எழுதுகிறேன். சிறிய பேட்டரி உள்ள நெக்ஸான், பெரிய பேட்டரி உள்ள கிரெட்டாவைவிட அதிக தூரம் ஓடும் என்று சான்றிதழ் சொல்வதை வைத்து முடிவெடுத்தால் தவறிவிடுவோம். இந்தியச் சோதனை முறையில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. பெரும்பகுதி நகர வேகத்தில், ஏசி போடாமல் நடத்தப்படுவது. நாற்கரச் சாலையில் மே மாத வெயிலில் நாலு பேரும் பெட்டிகளுமாகப் போகும் வண்டிக்கு அந்த எண் பொருந்தாது. டாடா நிறுவனமே நெக்ஸான் 45க்கு நடைமுறை ரேஞ்ச் 350 முதல் 370 கிலோமீட்டர் என்று தனியாக அறிவித்திருப்பது பாராட்டத்தக்க நேர்மை. அது சான்றிதழ் அளவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு.

ரேஞ்சைக் கிலோமீட்டரில் நினைப்பதைவிட, ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நினைப்பது தெளிவைத் தரும். இந்த அளவுள்ள வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகச் சென்றால் யூனிட்டுக்குச் சுமார் 8 கிலோமீட்டரும், 100 கிலோமீட்டர் வேகத்தில் 6.5 கிலோமீட்டர் அளவிலும் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி கூடுவதால் இந்த வேறுபாடு தவிர்க்க முடியாதது. எந்த நிறுவனத்தின் மென்பொருளாலும் அதை மாற்ற இயலாது. ஏசியின் கதை வேறு. நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டி ஒரு மணி நேரத்தில் ஓட்டத்துக்குச் செலவிடுவது இரண்டரை யூனிட் என்றால், கோடையில் ஏசி மட்டும் ஒரு யூனிட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதே ஏசி நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு ஆகும் 15 யூனிட்டில் ஒன்றுதான். ஆகவே ஏசியை அணைத்து வியர்த்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போவதில் பயனில்லை; வேகத்தைப் பத்து கிலோமீட்டர் குறைத்தாலே அதைவிட அதிகம் மிச்சமாகும்.

இனி ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். வழியில் உளுந்தூர்பேட்டை சுமார் 200, பெரம்பலூர் 270, திருச்சி 330 கிலோமீட்டரில் வருகின்றன. இரண்டு வண்டிகளும் 100 கிலோமீட்டர் வேகத்தில், யூனிட்டுக்கு 6.5 கிலோமீட்டர் என்ற கணக்கில், பத்து சதவீதம் கையிருப்பு வைத்துக்கொண்டு ஓடுவதாகக் கொள்வோம். முழு சார்ஜில் புறப்படும் நெக்ஸான் 263 கிலோமீட்டர் போகும், 51.4 கிரெட்டா 300 கிலோமீட்டர் போகும். மதுரை சேர நெக்ஸானுக்கு இன்னும் 30 யூனிட் வேண்டும், கிரெட்டாவுக்கு 25 யூனிட் போதும். 60 கிலோவாட் சார்ஜரில் (அதாவது முழுத் திறனில் மணிக்கு 60 யூனிட் தரக்கூடியதில்) நெக்ஸான் 10லிருந்து 80 சதவீதம் வரை ஏற 40 நிமிடம் என்பது அறிவிக்கப்பட்ட கணக்கு, அதாவது 31.5 யூனிட். கிரெட்டா 50 கிலோவாட் சார்ஜரில் அதே 10லிருந்து 80க்கு 58 நிமிடம் எடுக்கும். அதாவது 36 யூனிட். நிமிடக் கணக்கில் நெக்ஸானுக்கு 0.79 யூனிட், கிரெட்டாவுக்கு 0.62 யூனிட். ஆக, தேவையான 30 யூனிட்டுக்கு நெக்ஸான் ஏறத்தாழ 38 நிமிடமும், தேவையான 25 யூனிட்டுக்கு கிரெட்டா 40 நிமிடமும் நிற்க வேண்டும். ஆறு யூனிட்டுக்கு மேல் பெரிய பேட்டரி இருந்தும், மதுரை போய்ச் சேரும் நேரத்தில் வேறுபாடு இல்லை.

அப்படியானால் பெரிய பேட்டரியால் என்ன பயன்? எங்கே நிற்பது என்பதை நாமே முடிவு செய்யலாம் என்பதுதான். உளுந்தூர்பேட்டையில் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் கிரெட்டாவில் 40 சதவீதம் மிச்சமிருக்கும். அங்கிருந்து மதுரைக்கு 260 கிலோமீட்டர் போக 88 சதவீதம் வரை ஏற்றினால் போதும். நெக்ஸானில் அதே இடத்தில் 32 சதவீதம் இருக்கும். மதுரை வரை ஒரே மூச்சில் போக 99 சதவீதம் வரை ஏற்ற வேண்டும். எண்பதைத் தாண்டியபின் சார்ஜிங் வேகம் படிப்படியாகக் குறைந்துவிடும் என்பதால், கடைசி இருபது சதவீதத்துக்குக் காத்திருப்பது வீண். எனவே நெக்ஸான்காரர் பெரம்பலூர் வரை போயாக வேண்டும். அங்கே போய்ச் சேரும்போது 8 சதவீதம்தான் இருக்கும். அந்த சார்ஜர் அன்றைக்கு வேலை செய்யவில்லை என்றால் அடுத்த 60 கிலோமீட்டருக்கு அவரிடம் மின்சாரம் இல்லை. வேகத்தை 85க்குக் குறைத்தால் இந்த நெருக்கடி தீர்ந்துவிடும். ஆனால் பிள்ளைகள் பசிக்கும் இடத்தில் நிறுத்துகிற வண்டிக்கும், சார்ஜர் இருக்கும் இடத்தில் மட்டும் நிறுத்துகிற வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை நான் சிறியதாக நினைக்கவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் சார்ஜர் தன் முழுத் திறனைத் தந்தால்தான். நம் நெடுஞ்சாலைகளில் 60 கிலோவாட் என்று பலகை வைத்திருக்கும் இயந்திரங்களில் பலவற்றில் இரண்டு கன்கள் (வண்டியில் சொருகும் கேபிள் முனைகள்) இருக்கும். ஒரு வண்டி மட்டும் நின்றால் அதற்கு 60, இரண்டாவது வண்டி சொருகியதும் இரண்டுக்கும் முப்பது முப்பது. விக்கிரவாண்டி தாண்டி ஓர் உணவகத்தின் பின்புறம் இருக்கும் அத்தகைய சார்ஜரில் ஒருமுறை நின்றிருந்தேன். திரையில் 51 கிலோவாட் என்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்து நின்ற குடும்பத்தினர் தங்கள் வண்டியில் கன்னைச் சொருகி, போனில் செயலியைத் திறந்து, வாலட்டில் பணம் போட்டு, தொடங்கு என்பதை அழுத்திய அடுத்த நிமிடத்தில் என் திரையில் 29 என்று இறங்கிவிட்டது. மீதி 25 நிமிடம் 45 நிமிடமாக நீண்டது. இத்தகைய இடத்தில் நெக்ஸானின் வேகத்துக்கு மதிப்பே இல்லை. 30 யூனிட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், கிரெட்டாவுக்கு 25 யூனிட்டுக்கு 50 நிமிடம். நல்ல சார்ஜர் கிடைக்கும் வழியில் நெக்ஸானும், சார்ஜர்கள் தரமில்லாத வழியில் கிரெட்டாவும் மேல் என்பது என் முடிவு. நீங்கள் அடிக்கடி போகும் ஊருக்கான வழியில் எத்தனை இயந்திரங்கள் உள்ளன, அவற்றில் எத்தனை இரட்டைக் கன் உள்ளவை என்பதை வண்டி பார்க்கப் போகும் முன்பே செயலிகளில் பார்த்துவைப்பது நல்லது.

சார்ஜிங் வாய் இருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். கிரெட்டாவில் அது முன்பக்கம், நெக்ஸானில் பெட்ரோல் மூடி இருக்கும் இடத்தில். கேபிள்கள் குட்டையாக இருப்பதால் கிரெட்டாவை நேராக முகம் கொடுத்து நிறுத்தினால் போதும். நெக்ஸானைப் பெரும்பாலான இடங்களில் பின்னோக்கி எடுத்து விட வேண்டும். மறுபுறம், முன்பம்பரில் சின்ன இடி வாங்கினாலும் பாதிப்புக்கு உள்ளாகும் இடத்தில் அந்த வாய் இருப்பது கிரெட்டாவின் குறை.

வீட்டு சார்ஜிங்கில் நிலைமை எளிது. 15 ஆம்பியர் பிளக் பாயிண்டில் நெக்ஸான் நிரம்ப ஏறத்தாழ 17 மணி நேரம். ஆனால் நாள்தோறும் 50 கிலோமீட்டர் ஓடுபவருக்கு ஏழெட்டு யூனிட்தான் தேவை, அது மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். 7.2 கிலோவாட் சார்ஜரில் நெக்ஸான் 10லிருந்து 100க்கு ஆறரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். கிரெட்டாவில் 11 கிலோவாட் வசதி உண்டு, அதில் 51.4 பேட்டரி 4 மணி 50 நிமிடத்தில் நிரம்பிவிடும். அதற்கு வீட்டில் த்ரீ ஃபேஸ் இணைப்பும், அறிமுகத்தின்போது தனியாக 73,000 ரூபாய் விலை வைக்கப்பட்ட சார்ஜரும் வேண்டும். இரவு முழுக்க நிற்கும் வண்டி விடியற்காலை இரண்டு மணிக்கு நிரம்பினால் என்ன, நான்கு மணிக்கு நிரம்பினால் என்ன? பெரும்பாலான வீடுகளுக்கு அந்த 73,000 தேவையற்ற செலவு.

தமிழ்நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய செலவு வேறொன்று இருக்கிறது. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 340 யூனிட் வரை கூடும். ஏற்கெனவே 300 யூனிட் செலவாகும் வீடு 500ஐத் தாண்டிவிடும். தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுகள் உயர்ந்த கட்டணத்துக்குப் போவதோடு, கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையும் குறையும். அப்படியும் பெட்ரோலைவிடச் செலவு பாதிக்கும் கீழேதான். இருந்தாலும் விற்பனையாளர் காட்டும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

உள்ளே ஏறி உட்கார்ந்தால் கிரெட்டாவின் நன்மை உடனே தெரிந்துவிடுகிறது. நெக்ஸானின் நீளம் 3,994 மில்லிமீட்டர், சக்கர இடைவெளி 2,498. கிரெட்டாவுக்கு 4,340, 2,610. டிக்கி நெக்ஸானில் 350 லிட்டர். கிரெட்டாவில் 433 லிட்டரும், முன்மூடியின் கீழே 22 லிட்டர் சிறு பெட்டியும். அந்தச் சிறு பெட்டி சார்ஜிங் கேபிளுக்கு நல்ல இடம்.  இரண்டுமே பெட்ரோல் வண்டியின் உடலமைப்பில் பேட்டரியைத் தரைக்கடியில் வைத்து உருவானவை என்பதால் பின்னிருக்கையில் கால்வைக்கும் தரை உயர்ந்து, தொடைக்குத் தாங்கல் குறைகிறது. வயதான பெற்றோரைப் பின்னிருக்கையில் அரை மணி நேரமாவது உட்காரவைத்துப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள். மாறாக, மயிலாப்பூரிலோ மதுரை மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளிலோ வீடு உள்ளவருக்கு அந்த 35 சென்டிமீட்டர் குறைவு நாள்தோறும் உதவும்.

இரண்டு வண்டிகளின் சில வகைகளிலிருந்தும் வெளிச்சாதனங்களுக்கு மின்சாரம் எடுக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பாதி சார்ஜ் இருந்தாலே ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு மின்விசிறி, விளக்குகள், போன்களுக்கு மூன்று நாள் தாங்கும். நீட்டிப்புக் கம்பியில் நேரடியாகச் சொருகிப் பயன்படுத்த வேண்டுமே தவிர, வீட்டு வயரிங்கில் இணைக்கக் கூடாது.

நீண்ட காலம் வைத்திருப்பவருக்கு நெக்ஸானில் ஒரு பலம் உண்டு. முதல் உரிமையாளரான தனிநபருக்கு நெக்ஸான் 45இன் பேட்டரிக்கு 15 ஆண்டு உத்தரவாதம் 2025இல் அறிவிக்கப்பட்டது. கிரெட்டாவுக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். ஆனால் ஐந்தாறு ஆண்டில் விற்றுவிடுபவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

அறிமுக எக்ஸ்-ஷோரூம் விலையில் நெக்ஸான் 45 13.99 லட்சத்தில் தொடங்கி 17.19 லட்சத்தில் முடிந்தது. கிரெட்டா எலெக்ட்ரிக் 17.99 லட்சத்தில் தொடங்கியது. வீட்டில் பிளக் பாயிண்ட் உள்ள, மூன்று நான்கு பேர் கொண்ட, வெளியூர்ப் பயணம் மாதம் ஒருமுறைக்கு மேல் இல்லாத குடும்பத்துக்கு நான் நெக்ஸான் 45ஐத் தயங்காமல் சொல்வேன். சொந்த ஊர் 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, ஐந்து பேராக அடிக்கடி போய்வருபவர்களுக்கு 51.4 கிரெட்டாவின் கூடுதல் விலை நியாயமானது. 42 யூனிட் கிரெட்டாவை மட்டும் நெடுஞ்சாலைக்கு என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. அதே கணக்கில் அது 246 கிலோமீட்டர்தான் போகும்; 58 நிமிடம் நின்றாலும் ஏறுவது 29 யூனிட்தான். நெக்ஸான் 45இன் உச்ச விலையைவிட அதிகம் கொடுத்து, அதைவிடக் குறைந்த ரேஞ்சையும் அதைவிட மெதுவான சார்ஜிங்கையும் வாங்குவதாகும். விசாலமான பின்னிருக்கைக்காக ஊருக்குள் மட்டும் ஓட்டப்போகிறவர் அதை எடுக்கலாம். மற்றவர்கள் கிரெட்டாதான் வேண்டும் என்றால் 51.4க்குப் பணம் சேரும்வரை காத்திருப்பதே சரி.