வசீகரம் 8 உள்ளவன் பேசலாமா?

பேச்சில் வல்லவர் ஒருவர் வசீகரம் 8 உள்ள போர்வீரனாக ஆடுகிறார். எதிரே, நாலு வார்த்தை பேசவே தயங்கும் ஒருவர் வசீகரம் 18 உள்ள பாணராக அமர்ந்திருக்கிறார். கோட்டைக் காவலனை மசியவைக்க வேண்டும். கதவு யாருக்குத் திறக்கும்? பாத்திரமேற்று ஆடும் குழுக்களில், அதாவது மேசையைச் சுற்றி அமர்ந்து, நடத்துநர் ஒருவர் சொல்லும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டி ஆடுபவர்களிடையே, நட்பையே கசக்கவைக்கும் கேள்வி இது. வசீகரம் 8, 18 என்பவை பாத்திரத்தின் திறனைக் குறிக்கும் எண்கள். இதற்கு நான்கு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. நான்கையும் சிங்கப்பூரில் எங்கள் தமிழ்க் குழுவில் ஆடிப் பார்த்துவிட்டோம்.

முதலில் அந்த 8 எவ்வளவு மோசம் என்று கணக்குப் போட்டுவிடலாம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, சுறுசுறுப்பு, வசீகரம் என்று ஆறு திறன்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். சராசரி 10.5. எட்டோ அதற்குக் கீழோ விழும் வாய்ப்பு 216இல் 56, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. நம்முடன் மின்தூக்கியில் ஏறும் நான்கு பேரில் ஒருவரை முட்டாள் என்று யாராவது சொல்வோமா? 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் 8 உள்ளவர், செயல் பலிக்குமா என்று பார்க்க உருட்டும் பகடையில் வெறும் 1ஐக் கழிக்க வேண்டும். இருபது முகப் பகடையில் ஒரே ஒரு முகம், 5 விழுக்காடு. அறிவு 8 என்றதும் வாயைப் பிளந்துகொண்டு சுவரில் முட்டிக்கொள்ளும் நடிப்பு, எண் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது.

ஆனாலும் முதல் பதிலான ‘எண்ணே எல்லை’, அதாவது பாத்திரத்தின் எண்ணுக்கு மிஞ்சி ஆட்டக்காரர் யோசிக்கவோ பேசவோ கூடாது, என்று வாதிடுபவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது. அதே பதிப்பில் 27 புள்ளிகளைப் பங்கிட்டுத் திறன்களை வாங்கும் முறை உண்டு. 8க்கு விலை இல்லை. 15க்கு 9 புள்ளிகள். அறிவில் மிச்சம் பிடித்து வலிமையில் கொட்டியவர், பிறகு மேசையில் தன் சொந்த மூளையை இலவசமாகக் கொண்டுவந்து புதிர்களை எல்லாம் அவிழ்த்தால், அறிவுக்குப் புள்ளி செலவழித்தவர் ஏமாந்தவர் ஆகிறார். இது உண்மையான குறை. அதற்குத் தரும் மருந்துதான் சரியில்லை. “உன் பாத்திரத்துக்கு இதெல்லாம் தோன்றாது” என்ற ஒரு வாக்கியம் போதும், வாரம் முழுதும் வேலை பார்த்துவிட்டு ஆட வந்தவர் மிச்சப் பொழுதைக் கைப்பேசியைப் பார்த்தபடி கழிப்பார். தவிர, இந்தக் கண்டிப்பு ஒருபக்கமானது. அறிவு 8 உள்ளவனை அடக்கச் சொல்பவர்கள், அறிவு 18 உள்ள மந்திரவாதியை ஆடும் சாதாரண மனிதர் எங்கே போவார் என்று கேட்பதில்லை.

1981இல் வந்த ‘கால் ஆஃப் கதுலு’ என்ற இன்னொரு ஆட்டம் இதைக் கேட்டது. ஆட்டக்காரர்கள் துப்புக் கிடைக்காமல் திணறும்போது, பாத்திரத்தின் அறிவை வைத்துப் பகடை உருட்டி நடத்துநரிடமிருந்து ஒரு குறிப்பைப் பெறலாம். உயர்ந்த எண், ஆட்டக்காரருக்கு எட்டாததை அவர் கையில் கொடுக்கிறது. திறன் எண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது என்பேன்.

இரண்டாவது பதில் பழைய பாணி: சிந்திப்பதும் பேசுவதும் ஆட்டக்காரர் பாடு, எண்கள் வாள்வீச்சுக்கும் மதில் ஏறுவதற்கும் மட்டும். பொறிகளையும் புதிர்களையும் பொறுத்தவரை எனக்கு இது மிகவும் பிடிக்கும். கல்லைத் தட்டிப் பார்ப்பதும், தண்ணீர் ஊற்றி அது எங்கே வடிகிறது என்று கவனிப்பதும் தரும் மகிழ்ச்சியை “உருட்டினேன், 17, கண்டுபிடித்தேன்” தருவதில்லை.

பேச்சுக் காட்சிகளுக்கு இதே முறையைக் கொண்டுவந்தால்தான் ஆபத்து, அதுவும் சிங்கப்பூரில். எங்கள் மேசையில் வீட்டிலும் வெளியிலும் தமிழே பேசி வளர்ந்தவர் இருக்கிறார். வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் இருக்கிறார். வீட்டில் ஆங்கிலம் புழங்க, பள்ளிப் பாடவேளையில் மட்டும் தமிழோடு பழகிய இளையரும் இருக்கிறார்கள். அவர்கள் தமிழில் ஆட முன்வருவதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆட்டக்காரரின் பேச்சுதான் கதவைத் திறக்கும் என்றால், ஒவ்வொரு கதவையும் முதலிருவரே திறப்பார்கள். பாணரின் 18 தாளில் தூங்கும். பாறையை நகர்த்த வேண்டுமென்றால், தேசிய சேவை உடலுறுதித் தேர்வைப் போல இங்கேயே தண்டால் எடுத்துக் காட்டு என்று நாம் யாரையும் கேட்பதில்லை. வலிமைக்குத் தரும் அந்தச் சலுகையை வசீகரத்துக்கு மறுப்பது அநியாயம்.

மூன்றாவது: முதலில் உருட்டு, பிறகு நடி. பகடை சொன்ன முடிவுக்கு ஏற்பக் காட்சியை ஆட்டக்காரர் அமைக்கிறார். இருபது முகப் பகடையில் விழுவதோடு திறனுக்கான கூட்டலையோ கழித்தலையோ சேர்த்து எட்ட வேண்டிய இலக்கு 15 என்று வையுங்கள். பாணருக்குக் கூட்டல் 4, ஆகவே பாதிக்குப் பாதி வாய்ப்பு. போர்வீரனுக்குக் கழித்தல் 1, ஆகவே 25 விழுக்காடு. பாணர் “அவர் மகளின் காய்ச்சல் குணமானதா என்று கேட்கிறேன்” என்று சொன்னால் போதும். எப்படிக் கேட்டார் என்பதை எண் பார்த்துக்கொள்ளும். பேச்சாளருக்கோ தோற்ற காட்சியை நடிப்பது தனிச் சுவை. அழகாகத் தொடங்கிய உரை காவலனின் இறந்துபோன தளபதியின் பெயரில் தடுக்கி விழுவதை எங்கள் குழுவில் ஒருவர் நடித்தபோது, எல்லோருக்கும் அந்தப் போர்வீரன்மேல் பிரியம் கூடிப்போனது.

இதிலும் ஓட்டை உண்டு. என்ன சொன்னாலும் பகடைதான் முடிவு செய்யும் என்றால், யோசித்துப் பேசுவது எதற்கு? அரச முத்திரையிட்ட ஓலையை நீட்டுபவரும் “கதவைத் திற” என்று கத்துபவரும் ஒன்றா? அதனால் நாங்கள் ஒரு திருத்தம் செய்தோம். என்ன சொல்கிறோம் என்பது இலக்கை மாற்றும். எப்படிச் சொல்கிறோம் என்பது திறன் எண்ணைச் சேர்ந்தது. ஓலையைக் காட்டினால் இலக்கு 15 என்பது 10 ஆகும். போர்வீரனின் வாய்ப்பு 25 விழுக்காட்டிலிருந்து 50 ஆகிவிடுகிறது. சொற்களில் தடுமாறுபவரின் நல்ல யோசனைக்கும் அதே குறைப்பு. என் வாக்கு இந்த முறைக்கே.

நான்காவது, பாத்திரத்தின் குணத்தை எண்களுக்குப் பதிலாகச் சொற்களால் குறிப்பது. 1986இல் வந்த ‘கர்ப்ஸ்’ ஆட்டத்தில் முன்கோபம், பேராசை போன்ற குறைகளை ஏற்றால் பாத்திரம் படைக்கும்போதே கூடுதல் புள்ளிகள். ‘ஃபேட்’ ஆட்டத்தில் குறை கதைக்குள் தொல்லை தரும் அந்த நேரத்தில்தான் புள்ளி; தொல்லையை மறுத்தால் கையிலிருப்பதில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். முன்பணம் வாங்கியவர் குறையை மறப்பார். அவ்வப்போது கூலி பெறுபவர் வம்பைத் தேடிப் போவார். பின்னது கதைக்கு நல்லது. நீண்ட தொடர்களில் இதையும் மூன்றாவது முறையையும் சேர்த்து ஆடலாம்.

அறிவு 8 உள்ள வீரனை ஆடுபவருக்கு அபாரமான யோசனை தோன்றினால்? எங்கள் வழக்கம் எளிது. யோசனையை மேசையில் சொல்லலாம்; கதைக்குள் அதைச் சொல்பவர் அறிவு 16 உள்ள தோழர். “அக்கா, இதை உங்கள் சூனியக்காரி சொல்லட்டுமே” என்று ஒருவர் கைமாற்ற, அவர் தன் பாணியில் அதைப் பேச, இருவருக்கும் காட்சியில் பங்கு கிடைக்கிறது. புள்ளி செலவழித்தவரும் ஏமாறுவதில்லை.

ஒரே இடத்தில் மட்டும் ‘எண்ணே எல்லை’ என்பவர்கள் பக்கம் சாய்கிறேன். மூன்று பகடை உருட்டி 5 அல்லது அதற்குக் கீழே விழுந்தால், 216இல் 10 வாய்ப்புதான், அது சாதாரண மந்தம் அல்ல. பாத்திரத்தின் ஒவ்வொரு காட்சியிலும் அது தெரியத்தான் வேண்டும். எப்படித் தெரியும் என்பதை மட்டும் அந்த ஆட்டக்காரரே முதல் நாளில் ஒரு வரியாக எழுதித் தரட்டும்: எண்ணத் தெரியாதவனா, முகங்களை மறப்பவனா, யார் சொன்னாலும் நம்பிவிடுபவனா. அந்த வரிக்கு அப்பால் அவர் எப்படி நடிக்கிறார் என்பதில் நடத்துநரும் தலையிடக் கூடாது.